படகுக்கேற்ற விசிறி

ஆரணியிலே பிறந்து, பட்டுத் தறிகளின் ஓசையிலே வளர்ந்தவனுக்குப் படகைப் பற்றி எழுத என்ன தகுதி என வாசக அன்பர்கள் வினவக்கூடும். எங்கள் ஊர்க் கமண்டல நாகநதியில் ஆண்டின் பெரும்பகுதி நீரைவிட மணலே மிகுதி. ஆயினும் ‘ஓடம்’ என்னும் சொல்லுக்குப் படகு என்பதோடு, நெசவாளி பாவினூடே செலுத்தும் நாடா என்றும் அகராதி பொருள் தருகிறது. அந்த உறவை ஆதாரமாகக் கொண்டே இதனை எழுதத் துணிந்தேன்.

என் தமக்கையின் மகன் புதுச்சேரியில் இருக்கிறான். நண்பர் இருவரோடு கூட்டாக 25 அடி நீளமுள்ள பாய்மரப் படகொன்றை வைத்திருக்கிறான். அதிலிருந்த பழைய டீசல் இயந்திரம் பழுதுற்றது. அதனைக் கழற்றிவிட்டு மின் மோட்டாரும், 10 கிலோவாட்-மணி மின்சாரத்தைச் சேமிக்கும் மின்கலங்களும் வாங்கினார்கள். எஞ்சியது, நீருக்கடியில் சுழன்று படகை உந்தும் புரொப்பெல்லர் மட்டுமே. அதனை இங்கே விசிறி என்றே குறிப்பிடுகிறேன்.

சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்தவன், “மாமா, பழைய விசிறியே போதும் என்கிறார் கடைக்காரர். புதியது வாங்கினால் பெருஞ்செலவு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டான். அருகிலிருந்த தமக்கைக்கோ செலவைப் பற்றிய கவலை இல்லை. “காற்று விழுந்துவிட்டால் பிள்ளை எப்படியப்பா கரை சேருவான்?” என்பதே அவளுடைய கேள்வி. உண்மையில் இரண்டு கேள்விகளும் ஒன்றே.

10 கிலோவாட்-மணி என்றால் பெரிய அளவாகத் தோன்றும். ஆனால் சிறிய டீசல் இயந்திரம் ஏறத்தாழ மூன்று லிட்டர் எண்ணெயில் தரும் உழைப்புத்தான் அது. டீசல் படகுக்காரன் விசிறியால் விரயமாவதைப் பொருட்படுத்தாமல் இன்னும் ஒரு கேன் எண்ணெயை ஏற்றிக்கொள்வான். மின்படகுக்கு அந்த வசதி இல்லை. விசிறி விரயமாக்கும் ஒவ்வொரு கூறும் கரை சேரும் தூரத்திலிருந்தே கழிக்கப்படுகிறது.

விசிறி செய்யும் வேலை நீரைப் பின்னே தள்ளுவது. சிறிதளவு நீரை மிக வேகமாகத் தள்ளியும் படகை நகர்த்தலாம். மிகுந்த நீரை மெதுவாகத் தள்ளியும் நகர்த்தலாம். ஆனால் நீருக்கு நாம் கொடுக்கும் வேகம் இருமடங்கானால் அதற்குச் செலவாகும் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆகவே அகன்ற விசிறி மெதுவாகச் சுழல்வதே சிக்கனம். சிறிய டீசல் இயந்திரம் விரைந்து சுழன்றால்தான் முழு வலிமையைக் காட்டும். அதற்கேற்பச் சிறிய மூன்று இதழ் விசிறியைப் பூட்டுவார்கள். மின் மோட்டார் மெதுவாகச் சுழலும்போதே முழுத் திருகு விசையையும் தரவல்லது. பட்டிழையின் பருமனுக்கும் நெருக்கத்திற்கும் பொருந்தாத அச்சிலே எங்கள் நெசவாளர் பாவு ஏற்றுவதில்லை. மோட்டாரை மாற்றிவிட்டு விசிறியை மாற்றாதிருப்பது, இழையை மாற்றிவிட்டுப் பழைய அச்சிலேயே நெய்ய முனைவதைப் போன்றதே.

அடுத்தது ‘பிட்ச்’ எனப்படும் புரியளவு. மரையாணி மரத்தில் ஏறுவதுபோல, விசிறி ஒரு சுற்றில் எவ்வளவு முன்னேற வேண்டும் என்பதைக் குறிக்கும் அளவு அது. நீர் மரம்போல் உறுதியானதன்று. ஆதலால் ஒரு பகுதி நழுவிப்போகும். மணிக்கு 5 கடல்மைல் என்பது நிமிடத்திற்கு ஏறத்தாழ 154 மீட்டர். நிமிடத்திற்கு 700 சுற்று என்றும், நழுவல் நூற்றுக்கு 30 என்றும் கொண்டால், புரியளவு 12 அங்குலத்தை ஒட்டி வருகிறது. இது மிகுந்தால் மோட்டார் திணறிச் சூடேறும். குறைந்தால் வீணே சுழலும். 1837இல் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயர் இலண்டன் கால்வாயில் மரத்தாலான திருகு விசிறியைச் சோதித்தபோது, எதிலோ மோதி அதில் பாதி முறிந்தது. முறிந்தபின் படகு முன்னிலும் விரைந்து சென்றது. அளவு மிகுந்தால் பயன் மிகும் என்று எண்ணலாகாது என்பதை அந்த விபத்தே உலகுக்குக் கற்பித்தது.

மூன்றாவதொரு சிக்கலும் உண்டு. பாய்மரப் படகு பெரும்பாலும் காற்றிலேயே செல்வது. அப்போது சுழலாது நிற்கும் விசிறி, நீரில் இழுபடும் நங்கூரம்போல் வேகத்தைக் குறைக்கும். இதழ்கள் பூவின் அரும்புபோல் மடங்கிக்கொள்ளும் விசிறி இதற்கு மாற்று. அதன் விலை அதிகம். பின்னோக்கிச் செலுத்தும்போது வலிமையும் சற்றுக் குறையும். மடங்காத விசிறியிலோ, படகு காற்றில் விரையும்போது விசிறியே சுழன்று மின்கலத்தை ஓரளவு நிரப்பும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் நீண்ட பயணம் செய்யும் விரைவான படகுகளுக்கே அதனால் குறிப்பிடத்தக்க பயன். கரையோரம் சில மணி நேரம் உலவும் சிறு படகுக்கு இழப்பே மிஞ்சும்.

தேவையைக் குறைத்துக்கொண்டு பிறகு கருவியைத் தேடுவதே அறிவு. 2017 முதல் கேரளத்தில் வைக்கத்திற்கும் தவணக்கடவுக்கும் இடையே இயங்கத் தொடங்கிய ‘ஆதித்யா’ என்னும் சூரியசக்திப் படகு 75 பேரை ஏற்றவல்லது. எடை குறைந்த, நீரை எளிதில் கிழிக்கும் இரட்டை உடலாக அதனை அமைத்தார்கள்.

எங்கள் படகின் உடலை மாற்ற இயலாது; வேகத்தைக் குறைக்க இயலும். 5 கடல்மைல் வேகத்திற்கு இரண்டரைக் கிலோவாட் தேவையென்று வைத்துக்கொள்வோம். 4 கடல்மைலுக்கு அதில் ஏறத்தாழப் பாதியே போதும். மின்கலத்தில் 8 கிலோவாட்-மணியைச் செலவிடலாம் என்றால், முதல் வேகத்தில் 16 கடல்மைல் போகலாம். இரண்டாவதில் 25 கடல்மைலுக்குக் குறையாது. இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதித் தமக்கையிடம் காட்டியபோது, “அப்படியானால் அவசரப்படாமல் வரச் சொல்” என்றாள். விசிறி நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

முடிவில் 16 அங்குல விட்டமும் 12 அங்குலப் புரியும் கொண்ட, இரண்டு இதழுள்ள மடங்கு விசிறியே தக்கது எனத் தீர்மானித்தோம். இதழின் நுனிக்கும் படகின் அடிப்பகுதிக்கும் இடையே 2 அங்குல இடைவெளி இருக்கிறதா என அளந்த பின்னரே பணம் கொடுக்குமாறு கூறினேன்.

கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் மரக்கலம் செலுத்திய நாளில், காற்று ஓய்ந்தால் காத்திருப்பதே வழி. பிற்காலத்தில் தூத்துக்குடித் தோணிகளும் இயந்திரம் பூட்டிக்கொண்டன. இன்று அமைதியான மின் மோட்டார் வந்திருக்கிறது. துணைக்கு வந்த கருவி தேவைப்படும்போது முழுமையாக உதவ வேண்டும். தேவையற்றபோது பாயின் வேலைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. அத்தகைய விசிறிக்குக் கொடுக்கும் விலை, வீட்டிலே காத்திருப்போரின் நிம்மதிக்குக் கொடுக்கும் விலையாகும்.