தந்தியை முறுக்காதீங்க சார்!

மார்ச் மாசக் கணக்கு முடிக்கும்போது, 'வேலையை விட்டுடலாமா' என்று தோன்றாத ஆபீஸ்காரர் உண்டா? எனக்கு அப்போதெல்லாம் சோணர் ஞாபகம்தான் வரும். புத்தரிடம் துறவியான பணக்கார வீட்டுப் பிள்ளை. ராஜகிருகம் பக்கத்தில் சீதவனத்தில், பாதம் கிழிந்து ரத்தம் வரும்வரை நடந்தே தியானம் செய்தார். (ஓவர்டைம் கிடையாது!) பலனில்லை. வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்தார்.

புத்தர் திட்டவில்லை. சோணர் முன்பு வீணை வாசித்தவர் ஆச்சே! தந்தியை அதிகமாக முறுக்கினால் நாதம் வருமா, தொளதொளவென்று விட்டால் வருமா என்று கேட்டார். சோணர் துறவை விடவில்லை, முறுக்கைத்தான் குறைத்தார். அரஹந்தும் ஆனார்.

எனக்கு ஒன்றுதான் இடிக்கிறது. அவர் தந்தியை அவரே முறுக்கினார். என் முறுக்காணி பாதி மேனேஜர் கையில். மீதிப் பாதியை நான் தளர்த்திவிட்டேன். ஏழு மணிக்குக் கிளம்பினால் பக்கத்து சீட்டுக்காரர், ''உடம்பு சரியில்லையா சார்?'' என்கிறார்.