உதடு ஹேவ்லாக்கில், குரல் வடபழனியில்

ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையில் நின்று காதலைச் சொல்ல இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, கத்த வேண்டும். இல்லையென்றால் காதோடு காதாகச் சொல்ல வேண்டும். நடுத்தரக் குரலில் பேசினால் அலை விழுங்கிவிடும். ஆனால் சினிமாக் கதாநாயகன் மட்டும் அதே அலையோரத்தில், வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்திருப்பவன்போல நிதானமாகப் பேசுகிறான். ஒவ்வொரு சொல்லும் துல்லியமாகக் கேட்கிறது. காரணம் எளிது. உதடு அசைந்தது ஹேவ்லாக்கில். குரல் பிறந்ததோ சில வாரங்கள் கழித்து, வடபழனிப் பக்கம் ஏதோ ஒரு டப்பிங் தியேட்டரில்.

கடற்கரையில் பதிவாகும் பேச்சை அப்படியே பயன்படுத்த முடியாததற்குக் காரணம் அலையின் இரைச்சல் மட்டுமல்ல. நாயகன் முகம் காலையில், கடல் ஏறியிருக்கும்போது எடுக்கப்படுகிறது. நாயகியின் பதில் மாலையில், கடல் வெகுதூரம் வடிந்த பிறகு. இரண்டையும் ஒட்டினால் பேச்சு ஓடும், கடல் துண்டு துண்டாகக் குதிக்கும். அதனால் படப்பிடிப்பில் பதிவான ஒலி ‘பைலட் ட்ராக்’ ஆகிறது: வழிகாட்டும், ஆனால் படத்தில் இடம்பெறாது. ஒரே ஒரு வசனத்துக்காக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டித் திரும்பிப் போக எந்தத் தயாரிப்பாளரும் சம்மதிக்க மாட்டார்.

அந்தமானைத் திரையில் நிறுத்திய படங்களில் முக்கியமானது, 1996-இல் வெளிவந்த பிரியதர்ஷனின் ‘காலாபானி’. தமிழில் அது ‘சிறைச்சாலை’. தெலுங்கிலும் இந்தியிலும்கூட வந்தது. மோகன்லால், பிரபு, தபு ஆகியோரின் அதே முகங்கள் நான்கு மொழிகளில் பேசின. சிறந்த ஒலிப்பதிவுக்கான தேசிய விருது அந்தப் படத்துக்காக தீபன் சாட்டர்ஜிக்குக் கிடைத்தது.

இந்த வித்தை தமிழுக்குப் பழையது. 1943-இல் கன்னடத்தில் வந்த ‘ஹரிச்சந்திரா’வை அடுத்த ஆண்டே ஏவி. மெய்யப்பன் தமிழ் பேச வைத்தார். ஓர் இந்திய மொழியிலிருந்து மற்றொன்றுக்கு டப் செய்யப்பட்ட முதல் படம் என்று சினிமா வரலாறு அதைக் குறித்து வைத்திருக்கிறது. பிலிம் காலத்தில் காட்சியைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்குவார்கள். அந்த ‘லூப்’ திரையில் மறுபடி மறுபடி ஓடும். கலைஞர் பார்த்து, முணுமுணுத்து, தாளம் பிடித்துப் பேசுவார். இன்று வளையம் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. திரையில் மேலே பைலட் ட்ராக்கின் அலைவடிவம், கீழே புதிய குரலின் அலைவடிவம். காதில் சம இடைவெளியில் மூன்று ‘பீப்’ ஒலிகள். நான்காவது ஒலிக்க வேண்டிய இடத்தில் மௌனம். அங்கே வாய் திறக்க வேண்டும்.

கணக்கு மிக நுணுக்கமானது. விநாடிக்கு 24 பிரேம். ஒரு பிரேம் என்பது விநாடியில் சுமார் 42 மில்லி பங்கு. ஒலி படத்தைவிட 45 மில்லி விநாடி முந்தினாலே மனிதர்கள் கண்டுபிடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பிந்தினால் 125 மில்லி விநாடி வரை பொறுத்துக்கொள்கிறார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரையில் உள்ள அளவு இது. ஏன் இந்தப் பாரபட்சம்? ராதாநகரில் நின்றாலே விளங்கும். 34 மீட்டர் தள்ளி உடையும் அலையின் ஓசை காதுக்கு வர விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் வருகிறது. முந்தி வரும் ஓசையை மூளை நம்ப மறுக்கிறது.

அடுத்த தொல்லை உதடு. உயிரெழுத்து கொஞ்சம் தப்பினாலும் கண் மன்னித்துவிடும். ப, ம என்று உதடு ஒட்டித் திறக்கும் எழுத்துகளை மன்னிக்காது. ஆங்கிலப் பாத்திரம் ‘கோ’ என்று விரட்டுகிறது. நேர்ப் பொருள் ‘போ’. ஆனால் திரையில் உதடு ஒட்டவில்லையே! அனுபவப்பட்ட டப்பிங் வசனகர்த்தா ‘ஓடு’ என்று எழுதுவார். பொருளும் கெடாது, வாயும் குவிந்தபடி இருக்கும்.

இதையெல்லாம் இப்போது சாப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். 1990களில் வந்த ‘வோக்அலைன்’ போன்றவை, பைலட் ட்ராக்கின் ஏற்ற இறக்கத்தை அளந்து, புதிய குரலை அதற்கேற்ப இழுத்தும் சுருக்கியும் பொருத்துகின்றன. அமைதியான வீட்டுக் காட்சியில் இது பிரமாதம். கடற்கரைக் காட்சியில் வழிகாட்டியே இரைச்சலில் மூழ்கிக் கிடக்கிறது. அலை எழும் இடத்தைச் சொல் எழும் இடமாக எடுத்துக்கொண்டு சாப்ட்வேர் தடுமாறும். பழையபடி என்ஜினியர்தான் பிரேம் பிரேமாக நகர்த்த வேண்டும்.

உதட்டோடு நூறு சதவீதம் பொருந்திய குரலும்கூடச் சில நேரம் பொய்யாக ஒலிக்கும். இரைச்சலில் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துகிறான் என்பதை 1911-இல் விளக்கியவர் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார். சத்தம் மட்டும் கூடுவதில்லை. சுருதி ஏறுகிறது, உயிரெழுத்துகள் நீள்கின்றன. நிசப்தமான அறையில் பேசிய குரலுக்கு இந்த மாற்றம் எதுவும் தெரியாது. பிறகு மிக்ஸிங்கில் எவ்வளவு அலையைச் சேர்த்தாலும் குரல் ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம் நிற்கும். மணலில் கால் புதையப் புதைய நடந்தவனின் மூச்சும் அதில் இருக்காது.

இதற்கு மருந்து உண்டு, செலவும் பெரிதல்ல. டப்பிங் கலைஞரின் ஹெட்போனில் அலையோசையை ஓடவிட்டால் குரல் தானாக உயரும். அதைவிட நல்லது, ஷாட் முடிந்ததும், மூச்சு அடங்கும் முன்பே, நடிகரைக் கரையோர மரங்களுக்குப் பின்னால் அழைத்துப்போய் அதே வசனத்தைக் கேமரா இல்லாமல் பேசவைத்துப் பதிவு செய்வது. மனநிலையும் காற்றும் அதில் இருக்கும். ஆனால் வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது என்ற அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது இந்த ஐந்து நிமிடம்தான்.

டப்பிங் என்றாலே மட்டம் என்பதும் சரியல்ல. ‘பம்பாய்’ படத்தில் மனிஷா கொய்ராலாவுக்கு ரோகிணி கொடுத்த குரலை யாரும் இரவல் என்று நினைக்கவில்லை. மறுபக்கம் ‘லகான்’ (2001), ‘விருமாண்டி’ (2004) போன்றவை படப்பிடிப்பிலேயே குரலைப் பிடித்துக் காட்டின. 2022-இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் ஒரு வேடிக்கை நடந்தது. படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலிப்பதிவு செய்யும் படங்களுக்கான விருது ‘டொள்ளு’ என்ற கன்னடப் படத்துக்குக் கிடைத்தது. அது டப்பிங் செய்யப்பட்ட படம் என்று பகிரங்கமாகச் சொன்னவர், அந்தப் படத்தின் ஒலி வடிவமைப்பாளர் நிதின் லூக்கோஸ். ஆஸ்கார் வென்ற ரசூல் பூக்குட்டியும் அதைச் சுட்டிக்காட்டினார். டப்பிங்குக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா? அதே சமயம், வெயிலிலும் காற்றிலும் மைக் பிடித்து நின்றவர்களுக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேண்டுமா?

ஹேவ்லாக்குக்கு 2018-இல் சுவராஜ் த்வீப் என்று பெயர் மாறியது. பெயரைப்போலக் குரலும் மாறுவது அங்கே போகும் சினிமாவின் வழக்கம். இரண்டு வரி பேசும் உள்ளூர்ப் படகோட்டியின் முகம் படத்தில் இருக்கும். குரல் சென்னைக்காரர் ஒருவருடையதாக இருக்கும். கடலாவது சொந்தக் குரலில் பேசுகிறதா என்றால், அதற்கும் உத்தரவாதமில்லை. யூனிட் கிளம்பும் முன் பத்து நிமிடம் அலையைத் தனியாகப் பதிவு செய்ய மறந்திருந்தால், திரையில் ராதாநகர் தெரியும், காதில் மெரினா கேட்கும்.