காகிதத்தைப் படித்த வேலைக்காரன்

பஞ்சமி நிலத்தின் பழைய ஆவணங்களைத் தேடி, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே வாரம் இரண்டு முறையாவது பேருந்தில் அலைகிறவர்கள் நாங்கள். போகும் வழியில் கைப்பேசியில் ஏதாவது ஒரு நாடகம் ஓடும். புரியாத இடத்தில் நிறுத்தித் தமிழில் சொல்ல, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்த தோழர் ஒருவர் கூட வருவார். அப்படிக் கேட்டவற்றில், பிபிசி வானொலியின் ஷெர்லாக் ஹோம்ஸ் நாடக வரிசை எங்களுக்குள் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. கிளைவ் மெரிசன் ஹோம்ஸாகவும் மைக்கேல் வில்லியம்ஸ் வாட்சனாகவும் 1989 முதல் 1998 வரை கோனன் டாயிலின் 4 நாவல்களையும் 56 சிறுகதைகளையும் முழுமையாக நடித்து முடித்த வரிசை அது.

வானொலி நாடகம் எங்கள் மக்களுக்குப் புதிதல்ல. திருச்சி வானொலி 1939-இலும் புதுச்சேரி வானொலி 1967-இலும் தொடங்கின. கடலூர்ப் பக்கம் இரண்டும் கேட்கும். பஞ்சாயத்து ரேடியோவின் குழாய் ஊர்த்தெருவில்தான் கட்டியிருக்கும்; காற்று எங்கள் பக்கம் அடித்தால் நாடகம் சேரிக்கும் வரும், திசை மாறினால் பாதிக் கதையோடு படுக்க வேண்டியதுதான் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். சொந்தமாக ரேடியோ வைத்துக்கொள்ள அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டியிருந்த காலம் அது. முகம் தெரியாத கலையில் சாதி தெரியாது என்பார்கள் சிலர். கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: கதாநாயகன் ஒரு தமிழ் பேசுவான், வேலைக்காரன் இன்னொரு தமிழ் பேசுவான். சிரிக்க வேண்டிய இடம் வேலைக்காரனின் தமிழ்தான்.

நாங்கள் விவாதித்த நாடகம், ‘மஸ்கிரேவ் சடங்கு’ என்ற புதையல் கதை. அச்சில் வந்தது 1893-இல்.

மஸ்கிரேவ் என்பது பழைய பிரபுக் குடும்பம். அந்த வீட்டு வாரிசுகள் ஒவ்வொருவரும் வயதுக்கு வரும்போது ஒரு காகிதத்தில் உள்ள கேள்வி-பதில்களை ஒப்பிக்க வேண்டும். யாருக்கும் அர்த்தம் தெரியாது. இருநூறு ஆண்டுக்கும் மேலாக ஒப்பித்து வந்தார்கள். அந்த வீட்டின் தலைமை வேலைக்காரர் பிரன்டன். வேலை கிடைக்காத பள்ளி ஆசிரியராக வந்து சேர்ந்தவர், பல மொழிகள் தெரிந்தவர், இருபது ஆண்டு உழைத்தவர். ஒருநாள் நள்ளிரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவர் அந்தக் காகிதத்தைப் படித்துக்கொண்டிருப்பதை எசமானர் பார்த்துவிடுகிறார். உடனே வேலை போகிறது. கெஞ்சியதில் ஒரு வாரம் தவணை. சில நாளில் ஆளைக் காணவில்லை.

ஹோம்ஸ் வருகிறார். அவருக்கு அதே காகிதத்தை எசமானரே எடுத்துக் கொடுக்கிறார். அது சடங்கல்ல, இடத்தைக் காட்டும் குறிப்பு என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். ஒரு மரத்தின் நிழலை அளந்து, அடிவைத்து எண்ணி, நிலவறைக்குப் போகிறார். கனமான கற்பலகையைத் தூக்கினால் அடியில் பிரன்டனின் பிணம். உதவிக்கு அழைத்த பணிப்பெண் ரேச்சல் ஓடிவிட்டாள். கல் தானாக விழுந்ததா, அவள் தள்ளினாளா என்பது தெரியாமலே போகிறது. ஏரியில் கிடந்த துருப்பிடித்த உலோகம் முதலாம் சார்லஸ் மன்னரின் மணிமுடி என்று தெரிகிறது. சட்டச் சிக்கலைத் தீர்த்து, பணமும் கட்டி, மஸ்கிரேவ் குடும்பமே அதை வைத்துக்கொள்கிறது.

நாடகம் முடிந்ததும் எங்கள் பேருந்தில் சண்டை. “திருடப் போனான், செத்தான்” என்றார் ஒருவர். “ஹோம்ஸும் அதே காகிதத்தைத்தானே படித்தார், அவரை ஏன் யாரும் திருடன் என்று சொல்லவில்லை?” என்றார் இன்னொருவர். நாங்கள் இரண்டாமவர் பக்கம். பத்துத் தலைமுறை எசமானர்களுக்குப் புரியாதது பிரன்டனுக்குப் புரிந்தது என்பதை ஹோம்ஸே ஒப்புக்கொள்கிறார். புதையலைத் தனக்கென எடுக்க நினைத்ததற்காகக் கோபப்படலாம். ஆனால் அவருக்கு முதலில் வேலை போனது எடுத்ததற்காக அல்ல, படித்ததற்காக.

தமிழில் தேவனின் சாம்புவும் தமிழ்வாணனின் சங்கர்லாலும் நமக்குத் தெரிந்த துப்பறிவாளர்கள். கதை எப்படி இருந்தாலும் துப்பறிவாளனுக்கு ஒரு சலுகை வேண்டும்: எந்தத் தெருவிலும் நுழையலாம், எந்தக் கதவையும் தட்டலாம், யாரையும் கேள்வி கேட்கலாம். எங்களில் ஒருவர் டேப்பையும் புலப்படத்தையும் எடுத்துக்கொண்டு ஊர்த்தெருப் பக்கம் வயல்வெளியில் நின்றால், ஐந்து நிமிடத்தில் நாலு பேர் வந்து “நீ யாரு, எந்தத் தெரு?” என்பார்கள். கேள்வி கேட்கப் போனவன் பதில் சொல்கிறவனாக ஆகிவிடுவான்.

இனி எங்கள் புதையலுக்கு வருவோம். அந்தக் கதை அச்சாவதற்கு முந்தைய ஆண்டு, 1892 செப்டம்பர் 30-இல், சென்னை மாகாண அரசு ஓர் ஆணை போட்டது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலைமை குறித்து எழுதிய அறிக்கையின் பேரில் வந்த ஆணை அது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு நிலம் ஒதுக்கப்பட்டது. முதல் 10 ஆண்டுக்கு விற்கவோ தானம் செய்யவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இப்படி ஒதுக்கியது 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பதை நாங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அந்த நிலம் எங்கேயும் ஒளிந்துகொள்ளவில்லை. வெயிலில் கிடக்கிறது, நெல்லும் கரும்பும் விளைகிறது. ஒளிக்கப்பட்டது காகிதம். பழைய ‘அ’ பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணுக்கு எதிரே இருந்த ‘டி.சி.’ என்ற இரண்டெழுத்துக் குறிப்பு, 1979-க்கும் 1987-க்கும் இடையே நடந்த யு.டி.ஆர். பதிவுக்குப் பின் பல ஊர்களின் புதுக் கணக்கில் இல்லை. புதுப் பட்டாவை மட்டும் பார்க்கிறவருக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் களவு தெரியும்.

ஓர் அலுவலகத்தில் அந்தப் பழைய பதிவேட்டைக் கேட்டு நாங்கள் நடந்தது பதினோரு முறை. “கரையான் அரிச்சிடுச்சு” என்றார்கள். பன்னிரண்டாம் முறை எழுத்தில் அப்படியே சான்று கேட்டோம். அடுத்த வாரம் பதிவேடு கிடைத்துவிட்டது. குனிந்து பக்கம் புரட்டும்போது பின்னால் நின்ற ஊழியர் கேட்டார்: “இதெல்லாம் உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?” அன்று மாலை பேருந்தில் யாரும் நாடகம் போடவில்லை.

மஸ்கிரேவ் கதையில் நிழலை அளக்க வேண்டிய மரம் முன்பே வெட்டப்பட்டிருக்கும். சின்ன வயதில் அளந்து கணக்குப் போட்டதால் அதன் உயரம் எசமானருக்கு நினைவிருக்கும். சிதம்பரம் பக்கத்தில் ஓர் ஊரில் எங்களுக்கும் அதுதான் நிலைமை. எல்லைக்கல்லைப் பிடுங்கிவிட்டார்கள். எண்பதைக் கடந்த ஓர் ஆயாவிடம் போய், “ஆயா, கல்லு எங்க இருந்ததுன்னு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டோம். “கல்லு போனா என்னாப்பா, கெணறு எங்கயும் போவலையே. கெணத்துலேருந்து கெழக்கால எங்க அப்பாரு ஏரு ஓட்டுன எடம்” என்றது ஆயா. புலப்படத்தில் அந்தக் கிணறு இருந்தது. கிணற்றிலிருந்து அளந்தால் கணக்கு பொருந்தியது. சர்வேயர் வந்து அளக்க மனு கொடுத்திருக்கிறோம். தேதி இன்னும் வரவில்லை.

சிதம்பரத்துக்கே ஒரு புதையல் கதை உண்டு. நடராசர் கோயிலில் பூட்டிய அறையில் தேவார ஏடுகள் இருந்தன. பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் திறப்போம் என்றார்கள் தீட்சிதர்கள். சோழ மன்னன் மூவரின் திருவுருவங்களையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து திறக்க வைத்தான். பாதிக்கு மேல் செல்லரித்துப் போயிருந்தது என்கிறது மரபுக் கதை. மன்னன் சிலையைக் கொண்டுவந்தான், கதவு திறந்தது. அதே ஊரில் நந்தன் உயிரோடு வந்தான். அவனுக்குத் தீ மூட்டினார்கள். அந்த நந்தனின் பெயரில்தான் சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் பள்ளி தொடங்கினார். உள்ளே விடாத ஊரில் அவர் கொடுத்தது எழுத்து. எங்கள் வீடுகளில் முதலில் பட்டா படிக்கத் தெரிந்தவர்கள் அப்படிப்பட்ட பள்ளிகளிலிருந்து வந்தவர்கள்.

பிரன்டன் தனியாகப் போனதால் செத்தார் என்று ஒரு தோழர் சொன்னார். எங்களுக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. 1994 அக்டோபர் 10-இல், காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தில், செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அவர்கள் தனியாகப் போகவில்லை. கூட்டமாக, பகலில், சட்டப்படி தங்களுடையதைக் கேட்டுப் போனார்கள். ஆனாலும் கூட்டமாகப் போனதால்தான் அவர்கள் பெயர் இன்றும் நம் வாயில் இருக்கிறது. பிரன்டனுக்கு அழ அந்தக் கதையில் ஓர் ஆளில்லை.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊரிலும் தேடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடுங்கள். யு.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேடு, புலப்படம், நிபந்தனைப் பட்டா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நகல் மட்டும் போதாது. கோப்பை நேரில் பார்வையிடவும் சட்டம் உரிமை தருகிறது, அதையும் அதே மனுவில் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் மேல்முறையீடு செய்யுங்கள். போகும்போது இருவராவது போங்கள், ஒருவர் படிக்க, ஒருவர் எழுதிக்கொள்ள. உங்கள் தெருவில் ஓர் ஆயா இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். மனுவுக்கு 30 நாள் காத்திருக்கலாம், ஆயாவுக்கு அப்படிக் காத்திருக்க முடியாது.