ஓட்டிப் பார்ப்பதற்கு முன்

பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது சாவியைத்தான். என்னைக் கூட அழைத்துவந்திருந்தால் அதற்கு நான் விடுவதில்லை. 1.2 லிட்டர் டர்போ என்ஜின், 105 பிஎஸ், 7 கியர் டிஎஸ்ஜி. ஒருமுறை மிதித்துவிட்டால் அதன்பிறகு எந்தக் குறையும் கண்ணில் படாது. 2022-இல் இந்தியாவில் போலோ தயாரிப்பு நின்றபிறகு இந்த ஆசை இன்னும் கூடிவிட்டது. அதனால் முதல் அரைமணி நேரம் வண்டி நகராது; உள்ளே உட்கார்ந்து பார்க்கிற வேலை மட்டும்தான்.

டிரைவர் சீட்டின் வலது ஓரம் ஏறி இறங்கும்போதெல்லாம் உடம்பில் உரசும். மீட்டர் 40,000 காட்டுகிறது, ஆனால் அந்த ஓரத்து ஸ்பாஞ்ச் அமுங்கி, பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது என்றால் கணக்கு உதைக்கும். பழைய வண்டியில் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகம்தான். உடனே ஸ்கேனரை மாட்டுவேன். இந்த வண்டிகளில் பல மாட்யூல்கள் ஒரு கோளாறைப் பதியும்போது அப்போதைய கிலோமீட்டரையும் சேர்த்தே பதியும். மீட்டர் 40,000, பழைய கோளாறு 70,000-இல் என்று வந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

நான் அதிக நேரம் செலவிடுவது ஏர்பேக்கில். வேகமாக ஓட்டுவதற்கென்றே வாங்குகிற வண்டியில் இதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதை என்னால் ஏற்கவே முடியாது. இக்னிஷனை ஆன் செய்ததும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அந்த விளக்கைப் பிடுங்கியிருக்கலாம். வேறொரு விளக்கோடு சேர்ந்தே அணைந்தால் இரண்டையும் இணைத்துவிட்டிருக்கலாம். வெடித்துப்போன ஏர்பேக்கின் இடத்தில் ஒரு ரெசிஸ்டரை வைத்து மாட்யூலையே ஏமாற்றுகிறவர்களும் உண்டு. அப்போது விளக்கும் ஒழுங்காக அணையும், ஸ்கேனரும் சுத்தம் என்றே சொல்லும். அதனால் ஸ்டீயரிங் நடுவிலுள்ள மூடியின் நிறத்தையும் சொரசொரப்பையும் டேஷ்போர்டோடு ஒப்பிடுவேன். மூடியைச் சுற்றியுள்ள இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவா என்று விரலால் தடவிப் பார்ப்பேன்.

பிறகு சீட் பெல்ட். கடைசிவரை இழுத்தால் அடியில் ஒரு லேபிள் இருக்கும், பெரும்பாலும் தயாரித்த தேதியோடு. டிரைவர் பக்கப் பெல்ட் மட்டும் வண்டியைவிட மூன்று வயது இளையது என்றால் ஏன் மாற்றினார்கள் என்று ஓனரைக் கேட்பேன். “ஆக்சிடென்ட் ஆச்சா?” என்ற கேள்விக்கு எல்லோரும் இல்லை என்பார்கள், லேபிளைக் காட்டிக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். தோளுக்கு மேல் பெல்ட் நுழைகிற பிளாஸ்டிக் வளையத்தில் உருகி இழுத்த கோடுகள் தெரிந்தாலும் அதே கேள்விதான்.

சென்னை வண்டி என்றால் அந்தப் பெல்ட் இன்னொன்றும் சொல்லும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. கார்ப்பெட்டைக் கழுவிக் காயவைத்துவிடலாம். சுருளுக்குள் இருக்கிற பெல்ட்டில் படிந்த சேற்றுக் கறையை யாரும் அவ்வளவாகத் தேடுவதில்லை. சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி குழியின் மூலையில் வண்டல் இரண்டையும் டார்ச் அடித்துப் பார்ப்பேன்.

டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியிலும் குனிந்துவிட வேண்டும். இந்த வகை வண்டிகளில் ஆம்ப்ளிஃபயர், பூஸ்ட் மீட்டர் என்று ஏதாவது சேர்க்காத ஓனர் குறைவு. சேர்த்தது குற்றமில்லை. ஈயம் வைத்து, டியூப் போட்டு மூடியிருந்தால் எனக்கு அந்த ஓனர் மேல் மரியாதை வரும். முறுக்கி டேப் சுற்றியிருந்தால், நம் ஊர் வெயிலில் அந்தப் பசை இளகி டேப் கழன்றுவிடும். இன்னும் எங்கெங்கே இப்படி வெட்டியிருக்கிறார்களோ என்று தேட வேண்டியதுதான். பார்க்க வந்தது இதே ரகத்து ஐ20 என் லைன், அதிலும் சீட்டுக்குள்ளேயே பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வேரியன்ட் என்றால், வெளியில் தைத்துப் போட்ட சீட் கவர் அதை மறிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மற்றவை சீக்கிரம் முடியும். ஏசியை மதிய வெயிலில் போட்டுப் பார்ப்பது, நான்கு கண்ணாடிகளையும் ஏற்றி இறக்குவது. போலோவில் கதவைத் திறந்தும் உள்விளக்கு எரியவில்லையென்றால் பெரும்பாலும் லாக்குக்குள் இருக்கும் மைக்ரோஸ்விட்ச் போயிருக்கும். வழக்கமாக லாக்கை முழுதாகவே மாற்றுவார்கள். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம். ஏர்பேக்கில் சந்தேகம் என்றால் விலையே பேசாமல் வேறு வண்டி பார்க்கச் சொல்லிவிடுவேன்.