ஒரு நொடி கேட்டால் ஒரு ஹெர்ட்ஸ்

திருவனந்தபுரத்துக்காரர்களுக்குத் தும்பா என்றால் ராக்கெட்தான். 1963 நவம்பர் 21 அன்று சோடிய ஆவியைச் சுமந்துகொண்டு நைக் அப்பாச்சி அங்கிருந்து கிளம்பியதையும், மீனவர்களின் மகதலேனா மரியாள் தேவாலயம் ராக்கெட் நிலையத்தின் அலுவலகமானதையும் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். விக்ரம் சாராபாய் இந்தக் கரையைத் தேர்ந்தெடுத்த காரணம் கண்ணுக்குத் தெரியாமல் ஊரின் தலைக்கு மேலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்த வழியாகப் போகிறது. அதனால் ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில், கிழக்கு நோக்கி ஒரு வலுவான மின்னோட்டம் பாய்கிறது. எலெக்ட்ரோஜெட், தமிழில் மின்தாரை, என்று அதற்குப் பெயர்.

ராக்கெட் அந்த அடுக்கை நொடிகளில் துளைத்துக் கடந்துவிடும். மணிக்கணக்காக அதைக் கவனிக்க ரேடார் வேண்டும். தும்பாவில் 54.95 மெகாஹெர்ட்ஸில் அப்படியொரு ரேடாரை வைத்து எலெக்ட்ரோஜெட்டை ஆராய்ந்தார்கள். கல்லூரியில் தகவல் தொடர்பியல் கற்பிக்கும் நான், துடிப்பு அலைகளின் நிறமாலைப் பாடத்துக்கு வரும்போதெல்லாம் இந்த ரேடாரைத்தான் எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர் வானத்தையே கரும்பலகைக்குக் கொண்டுவரலாம் என்பது ஒரு காரணம். அதிர்வெண்ணையும் நேரத்தையும் பற்றிய ஆழமான உண்மையொன்று இந்தக் கணக்கில் தானாக வெளிப்படுகிறது என்பது இன்னொன்று.

அலைநீளம் 5.46 மீட்டர். மற்ற எண்களை வகுப்புக்கு வசதியாக நானே வைத்துக்கொள்கிறேன்: ஒவ்வொரு துடிப்பும் 10 மைக்ரோநொடி நீளம், ஒரு மில்லிநொடிக்கு ஒரு துடிப்பு. 10 மைக்ரோநொடித் துடிப்பால் ஒன்றரைக் கிலோமீட்டர் தடிமனுள்ள அடுக்குகளைப் பிரித்தறிய முடியும். எந்த உயரம் என்ற கேள்விக்கு அது நல்ல பதில். எந்த வேகம் என்ற கேள்விக்கு?

மின்தாரையில் உண்டாகும் அலைகள் நொடிக்குச் சுமார் 360 மீட்டர் வேகத்தில் நகர்கின்றன என்று கொள்வோம். எதிரொலியில் அது உண்டாக்கும் டாப்ளர் மாற்றம், வேகத்தை இரண்டால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால், 132 ஹெர்ட்ஸ். ஒற்றைத் துடிப்பை ஃபூரியர் முறைப்படி பிரித்தாலோ, அதன் ஆற்றல் மைய அதிர்வெண்ணுக்கு இருபுறமும் 100 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு மேடாகப் பரந்து கிடக்கிறது. இரண்டு லட்சம் ஹெர்ட்ஸ் அகலமுள்ள மேடு 132 ஹெர்ட்ஸ் நகர்ந்ததா என்று யாரால் சொல்ல முடியும்? வீணையில் தந்தியை மீட்டிய கணமே விரலால் அமுக்கிவிட்டால் எந்தச் சுவரம் என்று தேர்ந்த காதும் தடுமாறும். அமுக்காமல் ஒலிக்க விட்டால்தான் சுவரம் துலங்கும்.

ரேடார் தந்தியை ஒலிக்க விடும் வழி, துடிப்புகளைத் திரும்பத் திரும்ப அனுப்புவது. அப்போது நிறமாலையில் நடப்பது எனக்கு இன்றும் வியப்புதான். பெரிய மேடு வெளிக்கோடாக அப்படியே நிற்கிறது; உள்ளே மட்டும் அது 1000 ஹெர்ட்ஸ் இடைவெளியில் மெல்லிய கோடுகளாகப் பிளந்துவிடுகிறது. அந்தக் கோடுகளின் அதிர்வெண்களில் எல்லாத் துடிப்புகளும் ஒரே கட்டத்தில், அதாவது ஏற்ற இறக்கம் ஒத்து, கூடிக்கொள்கின்றன. இடைப்பட்ட இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கோட்டின் தடிமனை நாம் கேட்கும் நேரம் தீர்மானிக்கிறது. பத்தில் ஒரு நொடி கேட்டால் 10 ஹெர்ட்ஸ். முழு நொடி கேட்டால் ஒரு ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 2.73 மீட்டர் வேக வேறுபாடுகூடத் தெரிந்துவிடும். ரேடாரின் அலையாக்கி ஒரு துடிப்பிலிருந்து அடுத்த துடிப்புவரை தன் கட்டத்தை மறக்காமல் இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

ஒரு குறிப்பிட்ட உயரத்திலிருந்து துடிப்புக்கு ஒன்றாக வந்த 1024 எண்களைக் கையில் வைத்துக்கொண்டு நேரடியாக நிறமாலை கணித்தால் பத்து லட்சத்துக்கு மேல் பெருக்கல்கள். 1965இல் கூலியும் டுகியும் வெளியிட்ட விரைவு முறையில் ஏறத்தாழ ஐயாயிரம் போதும். மின்தாரை எதிரொலிகளின் நிறமாலைகளில்தான், முதலில் பெரு நாட்டின் ஹிகாமார்க்காவிலும் பிறகு தும்பாவிலும், இருவகை அலைகள் அடையாளம் காணப்பட்டன. அயனி ஒலி வேகத்தருகே ஒடுங்கிய கூர்முனையாக நிற்பது ஒன்று, குறைந்த வேகங்களில் அகன்று படர்ந்திருப்பது மற்றொன்று. இரண்டும் வெவ்வேறு காரணங்களால் பிறப்பவை. நிறமாலையின் வடிவமே காரணத்தைக் காட்டிக்கொடுத்தது.

இப்படித் துடிப்பு துடிப்பாகக் கேட்பதற்கு விலையும் உண்டு. நொடிக்கு ஆயிரம் துடிப்பு அனுப்பினால் 500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட மாற்றம் பக்கத்துக் கோட்டின் எல்லைக்குள் புகுந்து வேறு வேகமாக வேடம் போடும். 54.95 மெகாஹெர்ட்ஸில் அந்த வரம்பு நொடிக்கு 1365 மீட்டர், மின்தாரைக்குத் தாராளம். மழையையும் புயலையும் பார்க்கத் தும்பாவில் நிறுவியுள்ள வானிலை ரேடாரோ சி பட்டையில் இயங்குவது. அலைநீளம் 5 சென்டிமீட்டர் என்று வைத்தால் அதே ஆயிரம் துடிப்புக்கு வரம்பு வெறும் 12.5 மீட்டர். ரேடாரை விட்டு நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் விலகும் காற்று, 5 மீட்டர் வேகத்தில் ரேடாரை நோக்கி வருவதுபோலத் தெரியும். துடிப்புகளை இரட்டித்தால் வேக வரம்பு உயரும். ஆனால் அடுத்த துடிப்புக்கு முன் எதிரொலி திரும்பியாக வேண்டும் என்பதால், 150 கிலோமீட்டராக இருந்த தொலைவு வரம்பு 75 ஆகிவிடும். அதனால்தான் இரண்டு துடிப்பு வீதங்களை மாற்றி மாற்றி அனுப்பி உண்மையான வேகத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலைக் கண்ட பூந்துறை, விழிஞ்ஞம் கரைகளில் காற்றின் திசை என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இன்று மடிக்கணினியில் ஒரு கட்டளை கொடுத்தால் நிறமாலை திரையில் வந்து நிற்கிறது. குறைந்த நேரத்தில் நுண்ணிய அதிர்வெண்ணும் வேண்டும் என்று மாணவர்கள் இயல்பாகக் கேட்கிறார்கள். அது கருவியின் குறையல்ல, இயற்கையின் விதி என்பதைத் திரை சொல்லித் தராது. கணக்குதான் சொல்லித் தரும். ஆகவே என் சக ஆசிரியர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கணினியைத் திறக்கும் முன் மாணவர்கள் கையில் காகிதத்தைக் கொடுங்கள். எட்டே எட்டுத் துடிப்புகளின் கட்டங்களைக் கையால் கூட்டச் சொல்லுங்கள். நிறமாலையில் கோடுகள் ஏன் பிறக்கின்றன என்பது அவர்களுக்கே விளங்கிவிடும்.