ஒரு கட்டத்தை நகலெடுத்தால் எது உடன் வரவேண்டும்?

புணேயின் பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தில் 1919-இல் தொடங்கி 1966-இல் நிறைவுற்ற மகாபாரதச் செம்பதிப்புக்கு அடிப்படைக் கருவியாக இருந்தது ஓர் அட்டவணை. கட்டமிட்ட தாளின் மேல்வரியில் சுலோகத்தின் எழுத்துகள் தனித்தனிக் கட்டங்களில் நிற்கும். அவற்றின் கீழே சுவடிகளின் பாடபேதங்கள் இடம்பெறும். எந்தப் பாடம் எந்தச் சுவடிக்குரியது என்பதைக் குறியீடு காட்டும். கிரந்தச் சுவடிகளுக்கு ஜி, மலையாளச் சுவடிகளுக்கு எம். ஒப்புநோக்கும் பணியில் ஒரு பகுதி தஞ்சை சரசுவதி மகாலிலும் நடந்தது. அடிக்குறிப்புக்கு ஒரு பாடத்தை எடுத்தெழுதுபவர் குறியீட்டையும் சேர்த்தே எழுதியாக வேண்டும். குறியீட்டை இழந்த பாடம் எதற்கும் சான்றாகாது.

இன்றைய மேசைக்கணினி மென்பொருள்களில் இந்த முடிவை எடுப்பவர் எடுத்தெழுதுபவர் அல்லர், நிரலை எழுதியவர். பல நேரங்களில் அவரும் எடுப்பதில்லை, இயல்பமைப்பு எடுத்துவிடுகிறது. ஜாவாவின் ‘ஜேடேபிள்’ அட்டவணையில் ஒரே ஒரு கட்டத்தைச் சொடுக்கி கண்ட்ரோல்-சி அழுத்தினாலும் வரிசை முழுவதும் நகலாகிறது. நெடுவரிசைத் தலைப்புகள் மட்டும் வருவதில்லை. கட்டங்களுக்கிடையே தாவல் குறி இடப்படும். ஒரு கட்டத்துக்குள்ளேயே வரிமுறிவு இருந்தால், ஒட்டிய இடத்தில் எல்லாம் நிலைகுலையும். எக்செலின் வழக்கமோ இன்னும் விசித்திரம்: வடிகட்டி மறைத்த வரிசைகளை விட்டுவிடும், கையால் மறைத்தவற்றை அமைதியாகக் கூட்டி வரும்.

புணேவாழ் தமிழ்க் குடும்பங்களின் பேச்சை ஆராயும் மாணவி ஒருவருக்குச் சக ஆய்வாளர் ஒருவர் ஜாவாவில் ஒரு சிறு மென்பொருள் எழுதித் தந்தார். சொல், ஒலிக்குறிப்பு, பேச்சாளர் குறியீடு, பேச்சாளர் பெயர் என நான்கு நெடுவரிசைகள். பெயர் திரையில் தெரியலாகாது என்பதால் அதன் அகலத்தைச் சுழியமாக்கியிருந்தார். ஒரு சொல்லை நெறியாளருக்கு அனுப்ப அவள் நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டியபோது, வரியின் கடைசியில் ஒரு மூதாட்டியின் முழுப்பெயர் நின்றது. பெயர் வெளிவராது என்று அந்த அம்மாவின் வீட்டுத் திண்ணையிலேயே ஒப்புதல் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். அனுப்பும் முன் கண்ணில் பட்டது.

அகலம் சுழியமான நெடுவரிசை கண்ணுக்குத்தான் இல்லை. நகலெடுக்கும் நிரலுக்கு அது இருக்கிறது. அதைக் காட்சியிலிருந்தே நீக்கியிருக்க வேண்டும். நீக்கினாலும் தரவு அடியில் அழியாமல் இருக்கும், நகலில் வராது. இந்தத் திருத்தம் எளிது. நண்பரோ, இனிக் கட்டவாரியாகத் தெரிவுசெய்யும்படி மாற்றிவிடலாம், சொல் மட்டும் வந்தால் போதுமே என்றார். அவள் ஒப்பவில்லை. யார் பேசியது என்று தெரியாத சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவள் தரப்பே சரி. பயனர் சொடுக்கியதை மட்டும் தருவதே நாகரிகம் என்னும் நிரலாளர் வழக்கம் தரவு அட்டவணைகளுக்குப் பொருந்தாது. ஒரு வாரம் இழுபறியாயிற்று.

கடைசியில் நகல் உரையை உருவாக்கும் பகுதியையே நண்பர் தனியாக எழுதினார். இப்போது எந்தச் சொல்லைத் தெரிவுசெய்தாலும் சொல்லும் பேச்சாளர் குறியீடும் சேர்ந்தே ஒட்டுகின்றன. கட்டத்துக்குள்ளிருக்கும் வரிமுறிவுகள் இடைவெளிகளாகின்றன. பெயர்கள் வேறொரு கோப்புக்குப் போய்விட்டன. அதற்குக் கடவுச்சொல் உண்டு. அது நண்பருக்குத் தெரியாது.