தாப்பா சாலையில் ஒரு கருகல் வாடை

கேமரன் மலைக்குப் போகிறவர்களில் பலர் இப்போது சிம்பாங் பூலாய் வழியாகத்தான் ஏறுகிறார்கள். அந்தச் சாலை அகலமானது, வளைவுகளும் குறைவு. என் மாமா கடைசிவரை தாப்பா சாலையை விடவில்லை. 1930-களின் தொடக்கத்தில் போட்டு முடித்த பழைய சாலை அது. பேராக்கில் தொடங்கிப் பகாங்கில் போய் முடியும். மலை எப்படி வளைகிறதோ அப்படியே சாலையும் வளையும். ரிங்லெட்டில் விளைந்த முட்டைக்கோஸையும் தக்காளியையும் ஏற்றிக்கொண்டு அந்த வளைவுகளில் இறங்குவது மாமாவுக்கு அன்றாட வேலை.

மாமா காலமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருடைய பழைய ஹைலக்ஸ் பிக்கப், தோட்டத்துத் தகரக் கொட்டகையில் அப்படியே நின்றது. 1990-களில் வந்த டீசல் வண்டி. தாப்பாவில் ஒருவர் அதை வாங்கத் தயாராக இருந்தார். அத்தையையும் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கீழே இறக்குவது என் பொறுப்பு. பேட்டரி மாற்றினேன், டயருக்குக் காற்று அடித்தேன், வண்டி ஓடியது. அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை.

ரிங்லெட் ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. தாப்பாவோ கிட்டத்தட்டச் சமவெளி. நடுவில் இருப்பதெல்லாம் இறக்கம்தான். மாநில எல்லை தாண்டிச் சிறிது தூரத்தில் ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுத்தது. சாலையின் சாய்வு என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வாடை வந்தது.

"அத்தை, ஏதோ கருகுதே?"

"அடுப்புல சோறா வெச்சிருக்கோம்? வண்டிதான்டா!"

அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தபோது பெடல் பஞ்சுபோல் உள்ளே போனது. இரண்டாம் கியருக்கு மாற்றி, கைபிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, லாத்தா இஸ்கந்தார் நீர்வீழ்ச்சி ஓரத்தில் வண்டியை நிறுத்தினேன். அத்தை ஒன்றும் பேசவில்லை. ஜன்னல் ஓரப் பிடியை விடவும் இல்லை.

லாத்தா இஸ்கந்தாருக்குப் பலமுறை போயிருக்கிறேன், எப்போதும் குளிக்கத்தான். பாறைமேல் விழும் தண்ணீர், பெட்டாய் கொத்துகளும் தேன் புட்டிகளும் தொங்கும் சாலையோரக் கடைகள், நினைவுப் பொருள் பார்க்கும் பேருந்துக் கூட்டம். அன்று என் கண்ணில் பட்டதெல்லாம் முன் இடச் சக்கரத்திலிருந்து எழுந்த மெல்லிய புகைதான். இவ்வளவு தண்ணீர் பக்கத்தில் இருக்க, ஒரு வாளி மொண்டு ஊற்றலாமா என்று கை துறுதுறுத்தது. அதற்குள் மாமாவின் வழக்கமான ஃபோர்மேனுக்கு அத்தை போன் போட்டுவிட்டார். "தம்பி, தண்ணி ஊத்திடாதீங்க! சூட்டுல டிஸ்க் வெடிச்சிடும். அப்படியே ஆறட்டும்" என்றார் அவர்.

ஒரு மணி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். பின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முன் பக்கத்தை ஜாக்கியால் தூக்கினார். சக்கரத்தைக் கையால் சுற்றினால் அசையவில்லை. கேலிப்பரில் காற்று எடுக்கும் சின்ன திருகைத் தளர்த்தினார். தேநீர் நிறத்தில் பிரேக் எண்ணெய் சொட்டியது. மறுபடி சுற்றிப் பார்த்தார், அசையவில்லை. "இப்ப சுத்தியிருந்தா டியூப் அடைச்சிருக்குன்னு அர்த்தம். சுத்தல. பிஸ்டன்தான் இறுகிக்கிச்சு." டாக்டர் நாடி பார்ப்பதுபோல் இருந்தது எனக்கு.

சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பேடுகளைத் தட்டி எடுத்து, பிஸ்டன்களைப் பெரிய ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி உள்ளே தள்ளினார். எண்ணெய் ஆறியதும் பெடல் ஓரளவு திரும்பி வந்தது. மீதி இறக்கத்தை அவரே இரண்டாம் கியரில் ஓட்டினார். நான் அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தேன்.

பட்டறையில் கேலிப்பரைப் பிரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த ஹைலக்ஸில் முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் நான்கு பிஸ்டன். இடப்பக்கத்தில் இரண்டு அசையவே இல்லை. தூசியைத் தடுக்கும் ரப்பர் எப்போதோ கிழிந்திருக்கிறது. உள்ளே மலையின் ஈரம், தோட்டத்துச் சேறு, கோழி எரு எல்லாம் சேர்ந்து துரு ஏறியிருந்தது. தினமும் ஓடியவரை பிஸ்டன் அசைந்துகொண்டே இருந்தது; எட்டு மாதம் சும்மா நின்றதில் பிடித்துக்கொண்டது. பிரேக் எண்ணெய் வேறு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை குறையும்; இறக்கத்துச் சூட்டில் கொதித்து ஆவியாகும். ஆவியை மிதித்தால் பெடல் பஞ்சாகத்தான் இருக்கும்.

மற்ற பிஸ்டன்களைக் கட்டையால் தடுத்து, பெடலை மிதிக்கச் சொல்லி, இறுகிய இரண்டையும் எண்ணெய் அழுத்தத்தாலேயே வெளியே வரவழைத்தார். லேசாகக் கறைபட்டவற்றை மெல்லிய மணல் தாளால் தேய்த்தார். குழி விழுந்த இரண்டைத் தூர வைத்துவிட்டுப் புதிது போட்டார். ரப்பர்களுக்குப் புது பிரேக் எண்ணெய் மட்டும்தான் தடவினார்; மண்ணெண்ணெயோ சாதாரண கிரீஸோ பட்டால் ரப்பர் ஊதிவிடுமாம். வலப்பக்கம் நன்றாக இருந்தும் அதையும் பிரித்துப் புது ரப்பர் மாட்டினார். ஒரு பக்கம் மட்டும் செய்தால் வண்டி இழுக்கும் என்றார்.

"உங்க மாமா வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால வந்து எண்ணெய் மாத்திட்டுப் போவாரு. இந்த வருஷம்தான் வரல" என்றார் குனிந்தபடியே. அத்தை எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

வாங்க வேண்டியவர் சாயங்காலம் வந்தார். தரையில் கிடந்த துருப்பிடித்த பிஸ்டன்களைப் பார்த்தார், பேசியதில் கால்வாசி விலையைக் குறைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "விக்கலப்பா. காய் இறக்க எனக்கு வண்டி வேணும்" என்று முடித்துவிட்டார். இதை ரிங்லெட்டிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன், கேட்கவில்லை.

புறப்படும்போது ஃபோர்மேன் ஒரு வேலை கொடுத்தார். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, இரண்டு முன் சக்கரங்களுக்கும் பக்கத்தில் கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடு இரண்டிலும் ஒன்றுபோல் இருந்தால் சரி. ஒன்று மட்டும் கொதித்தால் திரும்பி வர வேண்டும்.

லாத்தா இஸ்கந்தாரில் நிறுத்தினேன். கடைகளை மூடிக்கொண்டிருந்தார்கள். அத்தை இறங்கி இடச் சக்கரத்துக்குப் போனார், நான் வலச் சக்கரத்துக்கு.

"இங்க வெதுவெதுப்பா இருக்குடா. அங்க?"

"இங்கயும் அப்படித்தான் அத்தை."

ஒரு கொத்து பெட்டாய் வாங்கிக்கொண்டு ஏறினோம்.